கல்வெட்டு படிக்க ஆசை: வேலையை விட்டுவிடலாமா?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்குப் பக்கம். ஊருக்குப் போகும்போதெல்லாம் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களைக் கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கியவர், நாளடைவில் அவற்றில் உள்ள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் சோழர் காலத் தமிழ் எழுத்து, பிறகு வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை. இப்போது சனி, ஞாயிறு முழுக்க இதிலேயே போகிறது. வேலையை விட்டுவிட்டு கல்வெட்டியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, தொல்லியல் துறையில் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். பொறியியல் பட்டதாரி. ஒரே நிறுவனத்தில் 11 ஆண்டு. மாதச் சம்பளம் 85,000 ரூபாய், அதில் அடிப்படை ஊதியம் 40,000. வீட்டுக் கடன் தவணை 31,000. கணவர் தனியார் நிறுவன ஊழியர், மகள் ஐந்தாம் வகுப்பு, கூடவே சர்க்கரை நோயுள்ள மாமியார். "பொழுதுபோக்குக்காக யாராவது நல்ல சம்பளத்தை விடுவார்களா?" என்கிறாராம் கணவர். "இந்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் வயது போய்விடும். நான் செய்வது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். படிப்பை இப்போதே தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் ஒரே முடிவாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும், உங்கள் கணவரின் பயத்திலும் பாதி போய்விடும்.

முதலில் ஆசையைப் பற்றிப் பேசுவோம். ஒரு பொழுதுபோக்கு தொழிலாகத் தாங்குமா என்று கேட்டு வருகிறவர்களிடம், அது எவ்வளவு பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. பிடிக்காமலா வருவார்கள்? அதில் உள்ள அலுப்பான வேலையை என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி நீங்கள் உருகி எழுதியிருக்கிறீர்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்திக்கு எழுப்பிய கல் அது. கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் அந்தக் கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள் என்று படித்தால் யாருக்கும் மனம் நெகிழும். ஆனால் அந்த நெகிழ்ச்சியை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. சிதைந்துபோன ஒரே ஓர் எழுத்து 'ள'வா 'ன'வா என்று தெரியாமல், அதே வட்டாரத்தின் மற்ற நடுகற்களில் அந்த இரண்டு எழுத்தும் எப்படி வளைகின்றன என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறீர்கள். கடைசியில், "இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் நீங்கள் இந்தத் துறைக்குப் பொருத்தமானவர் என்று நினைத்தேன்.

ஏனென்றால் கல்வெட்டு வாசிப்பில் பெரும்பகுதி இதுதான். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரத்துக்கும் 'ா' என்ற காலுக்கும் வடிவத்தில் வித்தியாசம் தெரியாது. 'கரண' என்று மூன்று எழுத்து தெரிந்தால், அது 'கரண' என்பதா, 'காண' என்பதா, 'காண்' என்பதா என்று முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நூறு கல்வெட்டு எடுத்தால், சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய ஆடுகள்) இத்தனை கொடுத்து நுந்தா விளக்கு (கோயிலில் அணையாமல் எரியும் விளக்கு) வைத்தார் என்பதே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். அந்த அலுப்புக்கு நடுவில்தான் ஒரு புது ஊர்ப் பெயர், ஒரு புது அளவுகோல், ஒரு பெண் அதிகாரி என்று ஏதாவது கிடைக்கும். பழகிய வேலையில் பிழை தேடுவதே உங்கள் தொழில். அந்தப் பொறுமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கணவர் இதைப் பொழுதுபோக்கு என்கிறார். அவர் பார்த்தது நீங்கள் வெயிலில் படம் எடுப்பதை மட்டும்தான். அந்த அட்டவணையை அவரிடம் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இனி, நீங்கள் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களுக்கு வருகிறேன். அவற்றில் சில தவறு.

"பொறியியல் படித்ததால் மறுபடியும் பி.ஏ. படிக்க வேண்டும்"

தேவையில்லை. எம்.ஏ. வரலாறு படிக்கப் பல பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.ஏ. தமிழ் என்றால் மட்டும், இளநிலையில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"அஞ்சல் வழியில் படித்தால் அந்தப் பட்டம் செல்லாது"

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இளநிலைப் பட்டமே இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படவில்லை, 2009ல் உச்ச நீதிமன்றம் வரை அந்த விவகாரம் போனது. நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பின் பொறியியல் என்று முறையாகப் படித்தவர். உங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகரித்த படிப்பு, நேரடிப் படிப்புக்குச் சமமானது. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் படிப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் மானியக் குழுவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆங்கில வழியில் படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) இருக்கிறது, தமிழ் வழியில் படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் எம்.ஏ. வரலாறு உண்டு. வேலையில் இருந்துகொண்டே இரண்டு ஆண்டில் முடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தொலைநிலையில் படிப்பவர்கள் 'பாஸ் ஆனால் போதும்' என்று இருந்துவிடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் பொதுப் பிரிவினர் எம்.ஏ.வில் 55 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 54 வாங்கிவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். முதல் பருவத்திலிருந்தே மதிப்பெண்ணில் கண் வையுங்கள்.

"முப்பத்தாறு வயதாகிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது"

எல்லாம் முடியவில்லை, ஒன்று முடிந்துவிட்டது. நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு உச்ச வயது 30, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு சேர்த்து 35. அது இனி உங்களுக்குக் கிடைக்காது. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்த தொகை அது, அதனால் இழப்பு சின்னதில்லை. முழுநேர முனைவர் பட்டத்தைச் சொந்தச் சேமிப்பில் நடத்த வேண்டியிருக்கலாம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை திறந்தே இருக்கின்றன. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண் பயன்படுகிறது. எம்.ஏ. இறுதியாண்டில் இருக்கும்போதே அந்தத் தேர்வை எழுதலாம், அதில் தொல்லியல் தனிப் பாடமாகவே உண்டு. அரசுப் பணித் தேர்வுகளில் வயது வரம்பு பதவிக்குப் பதவி, பிரிவுக்குப் பிரிவு மாறும். உங்கள் சமூகப் பிரிவைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதற்கு முன் தொல்லியல், அருங்காட்சியகப் பதவிகளுக்கு வெளியிட்ட அறிவிக்கைகளை எடுத்து, வயது, தகுதி என்ற இரண்டு பத்திகளை மட்டும் படியுங்கள். யார் சொல்வதையும் கேட்டு நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

"முனைவர் பட்டம் வாங்கினால் வேலை கிடைத்துவிடும்"

கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வாக்கியம் இது. கல்வெட்டியலில் பணியிடங்கள் மிகக் குறைவு. மாநிலத் தொல்லியல் துறை, மைசூரில் தலைமையிடம் கொண்ட இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சில கல்லூரிகள், அருங்காட்சியகங்கள், அவ்வப்போது வரும் திட்டப் பணிகள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். திட்டப் பணி என்றால் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம், சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதில் பாதிகூட இருக்காது. இந்த உண்மையை மறைத்து உங்களுக்கு ஊக்கம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் உங்களிடம் வேறு யாரிடமும் எளிதில் கிடைக்காத ஒரு சேர்க்கை இருக்கிறது. கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் ஒற்றி எடுத்த மைப்படிகளை மின்னாக்கம் செய்வது, தரவுத்தளம் அமைப்பது, பழைய எழுத்தைக் கணினி அடையாளம் காணப் பயிற்றுவது ஆகியவற்றுக்கு எழுத்தும் தெரிந்த, கணினியும் தெரிந்த ஆட்கள் வேண்டும். கிரந்த எழுத்து, கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் ஏறியது 2014ல்தான். தமிழ்ப் பின்ன எண்களும் பழைய நில அளவைக் குறியீடுகளும் ஏறியது 2019ல். செய்ய வேண்டிய வேலை அவ்வளவு மீதி இருக்கிறது. பதினோரு ஆண்டு மென்பொருள் அனுபவத்தை "வீணாய்ப்போன காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

எம்.ஏ. முடிக்கும்போது உங்களுக்கு 38 வயது. அப்போதுதான் உண்மையான முடிவு வருகிறது. சென்னையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் முழுநேர முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தால், துறைக்குள் நேரடியாகப் பயிற்சி கிடைக்கும். அகழாய்வுக் களம், மைப்படி எடுப்பது, பழைய எழுத்து என்று எல்லாம் கைப்பழக்கமாக வரும். உதவித்தொகையும் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, வேலையை விட்டாக வேண்டும். கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறையின் நிறுவனமும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. குடும்பத்தை விட்டுத் தங்க வேண்டும், வயது வரம்பையும் அறிவிக்கையில் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் நிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகுதிநேர முனைவர் பட்டம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. 2022ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அஞ்சல் வழியில் மட்டும் முனைவர் பட்டம் கிடையாது, யாராவது தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள். நெறியாளரைத் தேடுவது இதில் பாதி வேலை. செங்கம் நடுகற்களைத் தலைப்பாக எடுக்க நினைத்தால், 1970களிலேயே தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து வெளியிட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்து, அதற்குப் பிறகு கிடைத்தவை எவை என்று பட்டியல் எடுத்துக்கொண்டு பேராசிரியர்களைப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விடக்கூடாது. வேலையை விடாமலே ஆய்வாளராக இருப்பது. ஐராவதம் மகாதேவன் ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்துகொண்டுதான் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களை 1965ல் அடையாளம் கண்டார். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமி பற்றிய ஆய்வில் அவர் இல்லாமல் இன்று எதையும் பேச முடியாது. திருச்சியில் மருத்துவர் இரா. கலைக்கோவன் கண் மருத்துவராக இருந்துகொண்டே 1982ல் வரலாற்று ஆய்வு மையம் தொடங்கி, கோயில் கோயிலாகக் கல்வெட்டுகளைப் பதிப்பித்துவருகிறார். இது இரண்டாம் தர வழி என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது கல்வெட்டா, அரசுப் பதவியா என்று நீங்கள் உங்களையே கேட்டுப் பார்க்க வேண்டும். கடிதத்தில் இரண்டும் மாறி மாறி வருகின்றன.

பணக் கணக்கு

வேலையை விடும் நாள் வந்தால் கைக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியதால் பணிக்கொடை உங்கள் உரிமை. அடிப்படை ஊதியம் 40,000 என்றால் அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 11 ஆண்டால் பெருக்குங்கள், சுமார் இரண்டரை லட்சம் வரும். நீங்களாக ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். வருங்கால வைப்பு நிதியை ஐந்தாண்டு பணிக்குப் பின் எடுத்தால் வருமான வரி இல்லை. ஆனாலும் அதைத் தொடாமல் விடுவதே நல்லது, மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் நீங்கள் ஆய்வு முடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் யோசிக்கவே இல்லாதது மருத்துவக் காப்பீடு. மாமியார் உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் இருக்கிறார். வேலை போன அன்று அது போய்விடும். புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல முடியும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, காத்திருந்த காலமும் கணக்கில் வரும். இதை ராஜினாமாவுக்குப் பின் அல்ல, முன்பே எழுத்து மூலம் கேட்டு முடித்துவிட வேண்டும்.

அடுத்த ஆறு மாதம் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை போக மீதியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, கணவர் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டுங்கள். முடிகிறதா, எங்கே இடிக்கிறது என்று இரண்டு பேருக்கும் கண்ணால் தெரியும். சேர்ந்த தொகையில் கடனை முன்கூட்டிக் கட்டலாம். தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கட்டணத் தண்டம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இரண்டு ஆண்டில் தவணைச் சுமை எவ்வளவு குறையும் என்று வங்கியிலேயே கணக்குப் போட்டுக் கேளுங்கள். உங்கள் கணவர் உங்கள் விருப்பத்தை எதிர்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. "தவணை யார் கட்டுவது?" என்று அவர் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி, அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

உடனே திருத்த வேண்டியவை

எழுத்து தெளிவாகத் தெரிய நடுகல்லில் சுண்ணாம்புப் பொடியும் மாவும் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திவிடுங்கள். கல்லின் மேற்பரப்பு கெடும், மாவுக்கு எறும்பும் பூஞ்சையும் வரும். சாயங்கால வெயிலில் அல்லது இருட்டில் ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் எழுந்து நிற்கும், படமும் நன்றாக வரும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் மைப்படி எடுக்கக் கூடாது.

உறவினர் வயலில் உழும்போது கிடைத்த செப்புக்காசுகளை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் துறைக்குள் போக விரும்பும் ஒருவர் வீட்டில் அது இருக்கக் கூடாது. உறவினரையும் அழைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகம் வழியாக ஆட்சியருக்கு எழுதிக்கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தின் படமும் சர்வே எண்ணும் சேர்த்துக் கொடுத்தால் ஆய்வுக்கும் பயன்படும்.

எம்.ஏ. படிப்பதை நிறுவனத்திடம் மறைக்க வேண்டாம். படிப்பதற்குப் பொதுவாகத் தடை இருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே திட்டப் பணி செய்வதற்குத்தான் பணி நியமனக் கடிதத்தில் தடை இருக்கும், அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். சம்பளமில்லா நீண்ட விடுப்புக்கு உங்கள் நிறுவனத்தில் விதி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்துவையுங்கள். இருந்தால், பட்டயப் படிப்பின் முதல் ஆண்டையாவது ராஜினாமா இல்லாமல் தொடங்க முடியுமா என்று அதை வைத்துப் பேசலாம். தொலைநிலைச் சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். அடுத்த சேர்க்கைக்குள் பொறியியல் மதிப்பெண் சான்றுகளையும் மாற்றுச் சான்றிதழையும் தேடி எடுத்துவையுங்கள். சேர்ந்தபின், நெறியாளரைத் தேடும் கட்டத்தில் மறுபடியும் எழுதுங்கள். அந்த 'ள', 'ன' அட்டவணையையும் கூடவே அனுப்புங்கள்.